முடியாதுன்னு எழுதிக் குடுங்க

வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பது யார் என்று ஆஸ்பத்திரியின் மனநலக் கவுன்சிலர் இந்தியில் கேட்டாள். "மம்மி" என்றாள் பரீஹா. எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. பரீஹா வலது கையை மேஜைமேல் நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி வைத்தாள். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் உம்மா சஃபீனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கவுன்சிலர் அந்தச் சின்ன உள்ளங்கையைப் பார்த்தாள், சஃபீனாவைப் பார்த்தாள், தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். குறித்துக்கொள்கிறவளை என்ன செய்ய முடியும்? "கைய எடு பரீ" என்றாள் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. பரீஹா கண்ணைத் திறக்காமலேயே கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு அது ஐந்தாவது வருகை. முதலில் கண், அப்புறம் காது, அப்புறம் கட்டைகளை அடுக்கும் விளையாட்டு போன்ற அறிவுச் சோதனை. கடைசி இரண்டு நாளும் வாசிப்பும் எழுத்தும். பத்து வயதுப் பெண், ஐந்தாம் வகுப்பு. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலர் நிதானமாக விளக்கினாள். அறிவில் குறையே இல்லை, சொல்லப்போனால் சராசரிக்குக் கொஞ்சம் மேலே. டிஸ்லெக்ஸியா. எழுத்தின் வடிவத்தையும் அதன் சத்தத்தையும் மற்றப் பிள்ளைகள் சேர்த்துப் பிடிப்பதுபோல இவளால் பிடிக்க முடியாது. அதற்கென்று தனியாகச் சொல்லித் தர வேண்டும், நேரமாகும், ஆனால் வரும். பள்ளியில் கேள்வித்தாளை வாசித்துக் காட்ட வேண்டும், கூடுதல் நேரம் தர வேண்டும், தேவைப்பட்டால் சொல்லச் சொல்ல எழுத ஆள் தர வேண்டும். அதற்கான சர்டிபிகேட் இது, அரசாங்கச் சுற்றறிக்கையின் நகல் இது. "இது சோம்பேறித்தனம் இல்லை. அவள் தப்பு இல்லை. உங்கள் தப்பும் இல்லை."

கடைசி வாக்கியத்தை சஃபீனா வாங்கிக்கொள்ளவில்லை. யாருடைய தப்பும் இல்லையென்றால் அந்தக் கை எப்படி அவ்வளவு பழக்கமாக நீண்டது?

தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் அவர்களுடைய வீடு. கீழே கணவன் ஆஷிக்கின் ரெக்சின் பை தைக்கும் பட்டறை, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரே அறை. அந்த அறையில்தான் சாயங்காலம் நான்கு முதல் ஏழு வரை சஃபீனாவின் டியூஷன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், படித்த வகுப்பிலெல்லாம் முதலாவது வந்தவள். எழுத்து அவளுக்கு எப்போது வந்தது என்றே நினைவில்லை, மூச்சு மாதிரி வந்தது. சந்துப் பிள்ளைகள் பதினான்கு பேர் அவளிடம் படித்தார்கள், பதினான்கு பேரும் வாசித்தார்கள். 'சஃபீனா டீச்சர்ட்ட விட்டா கழுத கூட படிச்சிரும்' என்று அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். பதினைந்தாவதாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்த அவளுடைய மகள் மட்டும் 'was' என்பதை 'saw' என்று வாசித்தாள். நேற்று நூறு முறை எழுதிய சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் பரீஹா முழுப் பாடத்தையும் தடங்கலில்லாமல் வாசித்தாள். சஃபீனாவுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. கிட்டப் போய்ப் பார்த்தால் திறந்திருந்தது வேறு பக்கம். மற்றப் பிள்ளைகள் கூட்டமாக வாசிப்பதைக் காதால் கேட்டே மொத்தத்தையும் மனப்பாடம் செய்திருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை ஒரு பாடம் முழுவதையும் காதில் பிடித்து வைத்திருக்கிறதே என்று அன்று வியந்திருக்க வேண்டும். ஏமாத்துறியா என்று கேட்டு, பதினான்கு பேருக்கு முன்னால் மர ஸ்கேலால் அடித்தாள். மதரசாவில் உஸ்தாத் ஒரு தடவை ஓதிக் காட்டிய குர்ஆன் சூராவை அப்படியே திருப்பி ஓதுகிறாள் என்று பாராட்டு வந்தபோது அதுவும் குற்றமாகத்தான் முடிந்தது. அங்கே வருகிறது, இங்கே மட்டும் வராதா? திமிர். அந்தச் சொல்லைத்தான் சஃபீனா அதிகம் சொன்னாள். அதற்கடுத்து, மண்ணு.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பரணிலிருந்த பழைய நோட்டுகளை எல்லாம் இழுத்துப் போட்டாள். நான்கு வருட நோட்டுகள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. கேர்லெஸ், கேர்லெஸ், பார்த்து எழுது, பெற்றோர் கவனிக்கவும். நான்கு டீச்சர்கள், ஒருத்திக்குக்கூட இது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு சிவப்பு வரிக்குக் கீழும் நீல மையில் அழகான கையெழுத்து, எம். சஃபீனா. ஐந்தாவது டீச்சர் இவள்தான். அந்தக் கையெழுத்துகளைப் பார்க்கப் பார்க்க, கிழித்துப் போட வேண்டும் என்று வந்தது. கிழித்தால் நடந்தது இல்லையென்று ஆகிவிடும் என்று பட்டதும் கிழிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பட்டறையை நிறுத்திவிட்டு ஆஷிக் மேலே வந்தான். விரலிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தான். ஒரு சொல்லில் கண் நின்றுவிட்டது.

"இதுல டிசெபிலிட்டின்னு போட்டிருக்கு, பாத்தியா?"

"பாத்தேன்."

"பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒரு எடத்துல பேச்சு வரும்போது எவனாவது இதத் தூக்கிட்டு வருவான். பாகல் புள்ள, பைத்தியம்னுதான் சொல்லுவானுவ. நீ பாட்டுக்கு ஸ்கூல்ல கொண்டு குடுத்துராத."

"குடுக்கத்தான வாங்குனது?"

"இன்னுங் கொஞ்ச நேரம் கூடப் படிக்க வையி. வாய் இந்தப் பேச்சுப் பேசுது, எழுத்து வராமலா போவும்?"

"நாலு வருசமா நான் படிக்க வச்சது போதும் மச்சான்."

அவன் சோற்றைப் பிசைந்தான். பிள்ளைமேல் ஒரு நாளும் கைநீட்டாதவன் என்ற நல்ல பெயர் அவனுக்கு. அவள் அடித்து முடித்த பிறகு பரீஹாவைக் கீழே கூட்டிப் போய் பிஸ்கட் வாங்கிக் கொடுப்பான். அடி விழும்போது ஒரு நாளாவது ஏணியேறி வந்திருக்கிறானா? மெஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே இருப்பான். அந்த மெஷின் சத்தம் இப்போது நினைவுக்கு வந்து, அவன் தட்டைத் தட்டிவிடலாமா என்றிருந்தது. தண்ணீர்ச் செம்பை அவன் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் சர்டிபிகேட்டின் நகலோடும் சுற்றறிக்கையோடும் பள்ளிக்குப் போனாள். பிரின்சிபால் மேடம் இரண்டையும் ஒரு பார்வை பார்த்தார். "எங்களிடம் வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். ஒவ்வொருத்தருக்கும் ஆள் போட்டு வாசித்துக் காட்ட இது ஸ்பெஷல் ஸ்கூல் இல்லை. லீவிங் சர்டிபிகேட், எல்.சி. வாங்கிக்கொண்டு இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற இடத்தில் சேர்ப்பதுதான் குழந்தைக்கு நல்லது" என்றார் ஆங்கிலத்தில். பக்கத்தில் நின்ற வகுப்பு டீச்சர், "வீட்டிலேயே டியூஷன் டீச்சர் இருக்கிறார்களே மேடம்" என்று சிரித்தாள். சஃபீனா சிரிக்கவில்லை. யூனிட் டெஸ்ட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஃபைலை வாங்கி வைத்துக்கொண்டவள் பிரேமலதா, ஆபீஸ் கிளார்க். அவள் மட்டும் தமிழில், "தேதி போட்டு சீல் வச்சுத் தாரேன்க்கா, கையில ஒரு காப்பி வச்சுக்கிடுங்க" என்றாள்.

வீட்டில் கவுன்சிலர் சொன்ன முறையில் தொடங்கினாள். தட்டில் ரவையைப் பரப்பி, சத்தத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்தை எழுத வேண்டும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் கூடாது. மூன்றாம் நாளே சஃபீனாவுக்குப் பொறுமை போய்விட்டது. 'b'யைத்தானே சொன்னேன், இப்போதுதானே சொன்னேன் என்று தொண்டை வரைக்கும் வரும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பரீஹாவின் விரல் ரவையில் இருந்தது. கண் தட்டில் இல்லை, உம்மாவின் தொடைக்கு அடியில் இருந்த கையில் இருந்தது. அது வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே எழுதினால் எந்த எழுத்து வரும்?

ஒரு நாள் மனசு தாங்காமல் சொன்னாள். "உம்மாவுக்குத் தெரியல பரீ. தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்க மாட்டேன்."

"பரவால்ல உம்மா" என்றாள் பரீஹா. டியூஷனில் 'புரிஞ்சுதா' என்றால் எல்லாரும் 'புரிஞ்சுது டீச்சர்' என்பார்களே, அதே குரல். சஃபீனா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

அந்த வாரம்தான் அர்பாஸின் விஷயம் நடந்தது. பரீஹாவின் வகுப்பிலேயே படிக்கிறவன், டியூஷனுக்கும் வருகிறவன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் பரீஹாவிடம் ரப்பர் கேட்டான். "ஏ சர்டிபிகேட், ரப்பர் குடு." இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பரீஹா ரப்பரை எடுத்துக் கொடுத்தாள். பள்ளியில் அதுதான் அவள் பெயர் என்று தெரிந்தது. முதலில் கூப்பிட்டது டீச்சர், 'எங்கே நம்ம சர்டிபிகேட்?' என்று. சஃபீனா ஸ்கேலை எடுத்தாள். பழைய நோட்டுகளோடு மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்த ஸ்கேலை ஏன் எடுத்தாள், எப்போது எடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அர்பாஸின் முழங்கையில் இரண்டு அடி. மூன்றாவதற்கு ஓங்கியபோது பரீஹா காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள்.

அரைமணி நேரத்தில் அர்பாஸின் உம்மா அக்தர் பானு ஏணியேறி வந்தாள். மகனின் கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கையில் சிவப்பாக ஒரு கோடு.

"இதுக்கா ஒங்ககிட்ட அனுப்புதேன் டீச்சர்?"

"அவன் என்ன சொன்னான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். சொன்னது தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தப் புள்ளய மண்ணு, மண்ணுன்னு வருசக்கணக்கா சொன்னது யாரு? இங்க வந்துதான எம்மவன் அதப் படிச்சான்? அடிக்கணும்னா முதல்ல யார அடிக்கணும்?"

கீழே மெஷின் நின்றிருந்தது. அக்தர் பானு மகனின் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னாலேயே அண்ணன் தங்கை இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு எழுதாத பென்சிலைப் பிடித்திருந்தார்கள். அக்தர் பானு சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் சஃபீனாவைக் கொன்றது. ஸ்கேலை முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தாள், முறியவில்லை. ஜன்னல் வழியாகச் சாக்கடையில் எறிந்தாள். அதனாலும் கோபம் குறையவில்லை. இத்தனை நாளும் இந்தக் கோபம் முழுவதும் ஒரு பத்து வயதுப் பிள்ளைமேல்தானே இறங்கிக்கொண்டிருந்தது, அது போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறதல்லவா என்று அப்போதுதான் முதல்முதலாக யோசித்தாள்.

யூனிட் டெஸ்ட் தொடங்கியது. முதல் பரீட்சை முடிந்து வந்த பரீஹாவிடம், "கேள்விய வாசிச்சுக் காட்டுனாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நீ கேட்டியா?"

"கேட்டேன். ஒன் சர்டிபிகேட்ட வந்து வாசிக்கச் சொல்லுன்னாங்க மிஸ்."

எதையும் மிகைப்படுத்தாமல், அழாமல், மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். பதில்தாளில் பெயர் மட்டும் எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னாள். சஃபீனா தலையைத் தடவலாமென்று கை நீட்டினாள். பரீஹா கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள், வேண்டுமென்று அல்ல, பழக்கத்தில்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மகளோடு ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாள். பரீட்சை எட்டரைக்கு. வகுப்புக்குப் போகப்போன பரீஹாவைக் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் இவள் பரீட்சை எழுத மாட்டாள்" என்றாள் பிரின்சிபாலிடம், இந்தியில்.

"அதைப் பற்றித்தான் முன்பே பேசினோமே. எங்களால் முடியாது."

"சரி. முடியாது என்று எழுதிக் கொடுங்கள்."

"என்ன?"

"அரசாங்கச் சுற்றறிக்கை தேதி சீல் போட்டு உங்கள் ஃபைலில் இருக்கிறது. அதன்படிச் செய்ய முடியாது என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நான் போய்விடுகிறேன்."

அப்படியெல்லாம் எழுதித் தரும் வழக்கமில்லை என்றார் பிரின்சிபால். அப்படியானால் நானே எழுதுகிறேன் என்று சஃபீனா பையிலிருந்து தாளை எடுத்து, அவருடைய மேஜையின் ஓரத்திலேயே வைத்து எழுதத் தொடங்கினாள். கல்வி அதிகாரிக்கு, ஆங்கிலத்தில். மகளின் பெயர், வகுப்பு, சர்டிபிகேட் எண், ஃபைலில் கொடுத்த தேதி, நேற்று வகுப்பில் டீச்சர் சொன்ன வாக்கியம் அப்படியே. அவள் கையெழுத்து என்றைக்கும் அழகானது, அன்றைக்குத் தாளைக் குத்திக் கிழித்துவிடும்போல அழுத்தமாக இருந்தது. எழுத்து தனக்கு இவ்வளவு எளிதாக வருகிறதே என்பதிலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. எட்டரை மணி அடித்தது. வராந்தாவில் பிள்ளைகளின் சத்தம் அடங்கியது.

பிரின்சிபால் ஆஷிக்குக்குப் போன் செய்திருந்தார். பட்டறை பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் மூச்சிரைக்க வந்தான். மேடம் அவனிடம் மட்டும் பேசினார். உங்கள் மனைவி ஆபீஸ் வேலையைக் கெடுக்கிறார், நல்லபடியாகச் சொல்லிக் கூட்டிப் போங்கள், பிள்ளைக்கு எல்.சி. இன்றைக்கே தயார் செய்துவிடலாம்.

"வா சஃபீனா. நாலு பேரு பாக்காங்க" என்றான் மெதுவாக.

"பாக்கட்டும்."

"வேண்டாம்னு அன்னைக்கே சொன்னம்லா. இப்ப ஊரு பூரா தெரிஞ்சு போச்சு."

"தெரியட்டும். எனக்கு எந்திரிக்க இஷ்டமில்ல. ஒங்களுக்குக் கூச்சமா இருந்தா நீங்க போங்க."

அவள் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் பெஞ்சில் இருந்த மகளைப் பார்த்தான். பரீஹா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாத மாதிரி இருந்தாள். ஆஷிக் வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் சஃபீனா நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கேட்டுக்கு வெளியே, ஒரு ரிக்ஷாவின் நிழலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. எழுதி முடித்து, ஒரு நகலில் பள்ளி சீல் போட்டுத் தரும்படி பிரேமலதாவிடம் நீட்டினாள். பிரேமலதா சீலைக் கையில் எடுத்துவிட்டு மேடத்தைப் பார்த்தாள். பிரின்சிபால் அந்தக் கடிதத்தை வாங்கி, டீச்சர் சொன்ன வாக்கியம் இருந்த இடத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த ஒரு பரீட்சைக்கு மட்டும்" என்றார். "பக்கத்து ரூமில் உட்காரட்டும். பிரேமலதா வாசித்துக் காட்டி எழுதுவாள். மற்றதை மேனேஜ்மென்ட்டிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்."

"இந்தக் கடிதத்தை நான் வைத்திருக்கிறேன். மற்றப் பரீட்சைக்கும் வருவேன்" என்றாள் சஃபீனா. அதை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். ஜெயித்த மாதிரியே இல்லை. உரிமை என்று அச்சடித்துக் கொடுத்திருப்பதை வாங்குவதற்கு ஒரு காலை முழுவதும் இப்படிக் கத்தியை விழுங்கினாற்போல உட்கார்ந்திருக்க வேண்டுமா? இத்தனை வராந்தாக்களில் இத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்களோ.

பக்கத்து அறை பழைய ரிஜிஸ்டர்கள் அடுக்கி வைக்கும் அறை. "நீங்க கீழ போயி இருங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் பிரேமலதா. சஃபீனா படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். வராந்தாப் பக்கம் அந்த அறைக்கு ஒரு ஜன்னல், முழுவதும் புகைக்கண்ணாடி, அதன் ஒரு கதவு திறந்திருந்தது. அதன் ஓரமாக நின்றாள்.

சுற்றுச்சூழல் பாடம். பிரேமலதா ஆங்கிலத்தில் கேள்வியை வாசித்தாள், குடிநீர் எப்படியெல்லாம் அசுத்தமாகிறது, இரண்டு காரணம் சொல். பரீஹா ஒரு நொடி யோசித்தாள். பிறகு ஆங்கிலமும் இந்தியும் கலந்து ஆரம்பித்தாள். தங்கள் சந்தில் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகிறது என்றாள். குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வராத நேரம் சாக்கடையை உள்ளே இழுக்கும் என்றாள். அதனால் முதலில் வரும் இரண்டு வாளியைக் கொட்டிவிட வேண்டும், சிலர் கொட்டாமல் பிடிப்பார்கள், போன மழைக்கு அப்படித்தான் எதிர்வீட்டில் மூன்று பேருக்கும் மஞ்சள்காமாலை. மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களால் அடுத்த வீட்டுக் குழாய்க்கு என்ன ஆகிறது என்று இரண்டு கையாலும் காற்றில் குழாய் வரைந்து காட்டினாள். இரண்டு காரணம் கேட்டதற்கு ஐந்து வந்துவிட்டது. பிரேமலதாவின் பேனா பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"மெல்லச் சொல்லுட்டி. எழுதணும்லா."

பரீஹா சிரித்தாள். அந்தச் சிரிப்பை சஃபீனா வீட்டில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குப் பார்க்க முடியவில்லை. இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அரை அடி நகர்ந்தாள்.

"அப்புறம், டேங்க் இருக்குல்ல மிஸ், அதுல..." என்று தலையைத் தூக்கியவள் ஜன்னலில் உம்மாவைப் பார்த்தாள். காற்றில் நின்ற கைகள் மடிக்கு இறங்கின. "அதுல..." என்றாள் மறுபடியும். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. பிரேமலதா பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பரீஹா நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஜன்னலை நோக்கி வந்தாள். என்னவோ சொல்ல வருகிறாள் என்று சஃபீனா குனிந்து முகத்தை அருகில் கொண்டுபோனாள். பரீஹா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டி, திறந்திருந்த ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டாள்.

புகைக்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன உருவம் திரும்பிப் போய் உட்கார்ந்தது. பிறகு குரல் கேட்கத் தொடங்கியது, என்ன சொல்கிறது என்று தெரியாதபடி மங்கலாக, வேகமாக. கைகள் இரண்டும் மெல்ல மேலே எழும்பின.